வாய் திறந்தால் பழம்பொரி

அக்காவிடம் மட்டும் எதையும் "செய்யாதே" என்று சொல்லக்கூடாது. "தள்ளவும்" என்று எழுதிய கதவை இழுத்துப் பார்ப்பாள்; "இழுக்கவும்" என்று இருந்தால் தள்ளுவாள். படிக்கத் தெரியாமல் இல்லை. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் எதில் எழுதியிருந்தாலும் நின்று நிதானமாகப் படித்துவிட்டுத்தான் செய்வாள். திருவனந்தபுரம் கரமனையில் ஒரு பேக்கரியின் கண்ணாடிக் கதவு அப்படித்தான் ஒரு நாள் பாதி கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் பதறி ஓடி வந்தார். எந்தப் பக்கம் ஓடலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கதவைத் தாங்கிப் பிடித்தபடியே, "சேட்டா, இங்க நோக்குங்க. மேல் கீல்ல ஸ்க்ரூவே இல்ல. யாராவது பிள்ளை தலையில விழுந்திருந்தா?" என்று கேட்டாள். திட்ட வந்தவர் நன்றி சொல்லி டீ கொடுத்தார். நான் இழுத்திருந்தால் போலீஸ் வந்திருக்கும்.

நான் அக்கா என்பேன், மற்றவர்கள் சேச்சி என்பார்கள். "உங்களைப் பத்தி எழுதப்போறேன், பேரைப் போடட்டுமா?" என்று சமீபத்தில் கேட்டேன். "வேண்டாம்" என்றாள். அதை மதித்து விட்டுவிட்டேன். ஏன் மதித்தேன் என்பது கடைசியில் புரியும்.

சாலை பஜாரில் குக்கரும் கேஸ் அடுப்பும் ரிப்பேர் செய்கிற கடை அக்கா வீட்டாருடையது. அவள் அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அக்கா பிறந்ததே சாலை பஜாரில்தான். வள்ளியூரையும் திருவனந்தபுரத்தையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைந்த மாதிரி பேசுவாள். வாஷர் மாற்றின குக்கரில் தண்ணீர் ஊற்றிக் கடை அடுப்பிலேயே வைத்து, மூன்று விசில் கேட்காமல் ஆள் கையில் கொடுக்கமாட்டாள். "ஒரு விசில் எல்லா குக்கரும் அடிக்கும் பிள்ள. மூணாவதுலதான் அதுக்க குணம் தெரியும்" என்பாள். அவசரம் என்று குதிக்கிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவாள். விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் கையில் போன். போனில் ஏதாவது ஒரு விளையாட்டு.

அப்படிக் காத்திருந்தவர்தான் எங்கள் கிளார்க் சார். ஏதோ ஓர் அரசு ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவர். வீட்டில் உட்கார்ந்து காக்கா ஒன்று வடகம் திருடுகிற விளையாட்டைத் தானே எழுதியிருந்தார். பெருமைக்கு அதை அக்காவிடம் நீட்டியிருக்கிறார். மூன்றாவது விசில் வருவதற்குள் அக்கா அந்தக் காக்காவை ஒரு மரத்துக்குள் சிக்கவைத்து, பிறகு தலைகீழாகப் பறக்கவும் வைத்துவிட்டாள். சார் குக்கரை வாங்கிக்கொண்டு போகும்போது, "ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வரணும், கேட்டோ" என்று கும்பிடாத குறையாக அழைத்துவிட்டுப் போனாராம்.

நாங்கள் எட்டு பேர். கரமனையில் ஒரு ட்யூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஹோமியோபதி படிக்கிற பையன் ஒருவன், ஸ்கூலில் கணக்கு எடுக்கிற டீச்சர் ஒருத்தி, பி.சி.ஏ. படிக்கிற நான், இப்படி ஆளுக்கொரு திசை. சின்னச் சின்ன விளையாட்டுகளை எழுதிக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் விளையாடக் கொடுப்போம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிரித்துப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சட்டம் மட்டும் உண்டு. உன் விளையாட்டை இன்னொருவர் விளையாடும்போது நீ பின்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. "அங்கே போ", "அதை அமுக்கு", "அது அப்படி இல்லை", எதுவும் கூடாது. திறந்தால் கிளார்க் சார் ஸ்பூனால் ஸ்டீல் டம்ளரைத் தட்டுவார். தட்டினால், வாய் திறந்தவர் கீழே போய் எட்டு பேருக்கும் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கி வர வேண்டும்.

என் கல்லூரியில் சட்டம் வேறு மாதிரி. லேபில் சார் பக்கத்தில் வந்து நிற்பார். எந்த எண் கொடுத்தால் ஓடுமோ அந்த எண்ணை நான் கொடுப்பேன். ஓடும். ரெக்கார்டில் கையெழுத்து விழும். இரண்டு வருஷம் அப்படிக் கையெழுத்து வாங்கி, எனக்கு ப்ரோக்ராம் எழுத வந்துவிட்டது என்று நான் பலமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையோடுதான் முதல் ஞாயிறு என் விளையாட்டைக் கொண்டுபோனேன். எங்கள் வலியசாலைத் தெருதான் களம். ஒரு மாமி ஸ்கூட்டரில் ஐந்து வீடுகளுக்கு அப்பளம் கொண்டு கொடுக்க வேண்டும். மழை பிடித்துக்கொள்ளும். அப்பளம் நனையாமல் மரத்தடி, கூரையடி என்று ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். மூன்று நிமிஷம். நனையாத ஒவ்வொரு வினாடிக்கும் பாயிண்ட். வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, "என்னடி இது, பாவம் அந்த மாமியை மழையில விரட்டிண்டிருக்கே" என்றாள். அதையே நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

வீடுகள் எல்லாம் வலது பக்கம். மாமி பார்ப்பதே வலது பக்கம். யாரானாலும் வலது பக்கம்தான் போவார்கள். அக்கா உட்கார்ந்தாள், விரலைச் சொடுக்கினாள், இடது பக்கம் போனாள்.

இடது பக்கம் நான் ஒன்றும் வரையவில்லை. ஸ்கூட்டர் தெருவைத் தாண்டி வெறும் வெள்ளைக்குள் போய்விட்டது. தெரு இல்லை, மரம் இல்லை, முக்கியமாக மழை இல்லை. மழையைத் தெருவுக்கு மேலே மட்டும்தானே பெய்யவைத்திருந்தேன். அப்பளம் நனையாமல் மாமி போய்க்கொண்டே இருக்க, பாயிண்ட் ஏறிக்கொண்டே இருந்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு முதலில் தோளில் தொடங்கும், சத்தம் பிறகுதான் வரும். "ஏ பிள்ள, ஒரு பப்படமும் நனையல்ல! நான் ஜெயிச்சல்லோ!"

"அக்கா, வலது பக்கம்! வலது பக்கம் போகணும்!"

டம்ளர் ஒலித்தது. நுணலும் தன் வாயால் கெடும். எட்டு பழம்பொரியை எண்ணெய் சொட்டும் காகிதப் பொட்டலத்தில் தூக்கிக்கொண்டு நான் படியேறியபோது, அக்கா மறுபடி தொடங்கிய ஆட்டத்திலும் மாமி வெள்ளையில் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வாரம் இடது பக்கம் ஒரு பலகை வைத்தேன். மஞ்சள் பலகை, அழகாக வரைந்தது: "வழி இல்லை". அக்கா அதைப் படித்தாள். படித்துவிட்டு அதற்குள்ளேயே புகுந்து போய்விட்டாள். பலகை வெறும் படம்தானே. "போர்டு வச்சா வண்டி நிக்குமா பிள்ள? அதும் நம்ம ஊர்ல?" என்று கேட்டாள். "போர்டு இருக்குல்ல, பார்த்து நடக்கணும்" என்று நான் சண்டைக்குப் போனேன். மறுபடி டம்ளர். அந்த மழைக்காலத்தில் நான் வாங்கிய பழம்பொரிக்குக் கடைக்காரர் என்னைத் தன் வீட்டுக் கல்யாணத்துக்கே அழைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி எனக்குக் கற்றுத் தராததை அந்த நாற்காலி கற்றுத் தந்தது. வாயை மூடிக்கொண்டால் கண் திறக்கிறது. ஆள் எங்கே தயங்குகிறார், எந்த விரல் எதைத் தேடுகிறது, எங்கே சலிக்கிறார் என்று தெரிகிறது. நான் போய்ப் பக்கத்தில் நின்று விளக்க முடியாத ஒருவர் கைக்குத்தான் என் ப்ரோக்ராம் போகப்போகிறது என்பது எனக்கு இருபது வயதில், அந்த மாடியில்தான் உறைத்தது. பலகையை எடுத்துவிட்டு நிஜச் சுவர் கட்டினேன். கணக்கு டீச்சர் தன் விளையாட்டிலிருந்து சுவர் எழுதும் விதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஸ்கூட்டர் முட்டி நின்றது. அக்கா "கொள்ளாம்" என்றாள். அவள் வாயிலிருந்து "நன்றாக இருக்கிறது" என்று வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று.

அவளுடைய இந்தக் குணத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு சோகக் கதை இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். சோதிக்காமல் கொடுத்த குக்கர் எங்கேயோ வெடித்திருக்கும், யாருக்கோ கை வெந்திருக்கும், அன்றிலிருந்து இவள் இப்படி ஆகியிருப்பாள் என்று. ஒரு நாள் பஸ்ஸில் தயங்கித் தயங்கிக் கேட்டும்விட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கதை ஒண்ணும் இல்ல பிள்ள. உடைஞ்சா ரசமா இருக்கும், அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு, தொடக்கூடாது என்று எழுதியிருந்த ஜன்னல் கம்பியைத் திருகிப் பார்த்தாள்.

இப்போது கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். போன மாதம் வாய்ஸ் மெசேஜ் வந்தது. முதல் அரை நிமிஷம் சிரிப்பு. பிறகு, "இங்க ஒரு லிஃப்ட் உண்டு, எல்லா நம்பரையும் ஒண்ணா அமுக்கினா என்ன செய்யும் தெரியுமா?" அத்தோடு மெசேஜ் முடிந்துவிட்டது. பிறகு என்ன ஆயிற்று என்று இன்று வரை சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த வருஷத்துக் கதை. பி.சி.ஏ. முடிந்தது. கல்லூரிக்கு வந்த கம்பெனிகள் என்னைத் தாண்டிப் போய்விட்டன. அப்பா பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு உலகத்தில் நம்பத்தக்க நாற்காலி பேங்க் நாற்காலி ஒன்றுதான். "ஓணம் வரைக்கும் பாரு. ஒண்ணும் ஆகலைன்னா பேங்க் பரீட்சைக் கோச்சிங்ல சேர்ந்துடணும். கம்ப்யூட்டரை மூடி வெச்சுடு, ஆமா" என்றார். அப்பா கத்துகிற ரகமில்லை. அதனால்தான் அந்த "ஆமா" கடைசி வார்த்தை என்று புரிந்துகொண்டேன். மூடி வைத்தால் திரும்பத் திறக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை எங்கள் குழு ஒரு லைப்ரரி ஹாலில் எல்லா விளையாட்டுகளையும் ஊருக்குக் காட்டுவதாக ஏற்பாடு. டெக்னோபார்க் இருக்கிற கழக்கூட்டத்தில் சின்ன கம்பெனி நடத்துகிற ஒரு மேடம் வருவார், வேலைக்கு ஒரே ஓர் ஆள் எடுப்பார் என்று கிளார்க் சார் சொன்னார். இதுதான் என் கடைசி பஸ் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த வாரம்தான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மாமியைத் தெருவின் வலது கோடி வரை கொண்டுபோய், அங்கிருந்து முழு வேகத்தில் இடது பக்கம் ஓட்டிவந்தால், ஸ்கூட்டர் என் நிஜச் சுவரையும் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அத்தனை வேகத்தில், சுவர் இருக்கிறதா என்று ப்ரோக்ராம் பார்ப்பதற்குள் வண்டி தாண்டிவிடும். இரண்டு நாள் முட்டிப் பார்த்தேன், சரிசெய்ய முடியவில்லை. யார் அப்படி ஓட்டப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யார் ஓட்டுவார் என்று நன்றாகவே தெரியும்.

சாலை பஜாருக்குப் போனேன். அக்கா ஒரு குக்கருக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை மட்டும் என் விளையாட்டைத் தொடாதீங்க. ப்ளீஸ். அப்பா சொன்னது தெரியுமில்ல."

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "சரி பிள்ள" என்றாள். அடுப்பிலிருந்த இன்னொரு குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. மூன்றாவதுக்கு நிற்காமல் நான் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை ஹால் நிறையக் கூட்டம். அம்மாவும் அப்பாவும் பின்வரிசையில். அக்கா ஒவ்வொரு மேசையாகப் போய் மற்ற எல்லாருடையதையும் உடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மேசைப் பக்கம் வரவில்லை. எனக்கு எதிரே, வாசல் தூணருகில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. பார்க்க நன்றாகவே இல்லை.

மேடம் வந்து உட்கார்ந்தார். வலது பக்கம் போனார். மரத்தடியில் ஒதுங்கினார். ஐந்து வீட்டுக்கும் அப்பளம் போய்ச் சேர்ந்தது. வெற்றி. "நன்னாயிட்டுண்டு" என்று நாற்காலியை நகர்த்தினார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கல்லூரிக்கு வந்த கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுந்தவர் போகிறபோக்கில் கேட்டார், "இது எங்கே உடையும்?"

"எங்கேயும் உடையாது மேடம்" என்று சொல்ல வாயெடுத்தேன். கண் தூணுக்குப் போனது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அக்காவைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. ஐந்து வாரம் என் சுவரை முட்டி முட்டி நிஜமாக்கியவளுக்கு நான் ஒரு மஞ்சள் பலகை வைத்திருக்கிறேன்.

"அக்கா, இங்கே வாங்க. உடைங்க."

"ஒறப்பா? நிச்சயமா?" என்று கேட்டாள்.

"ஒறப்பு."

உட்கார்ந்தாள். விரலைச் சொடுக்கினாள். பிறகு எதையும் தொடவில்லை. மாமி ஸ்கூட்டரில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். வண்டி நகர்ந்தால்தான் மழை வரும் என்று எழுதியிருந்தேன்; நகரவில்லை, வரவில்லை. மூன்றாவது நிமிஷம் முடிந்ததும் திரையில் பூ மாரி பொழிந்தது: வெற்றி! நனைந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறேன், அப்பளம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவே இல்லை. "வீட்டை விட்டு இறங்காண்டாம், ஜெயிக்கலாம்" என்றாள் அக்கா. ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் அப்பாவும் சிரித்தார். வாயைத் திறக்காமல் கம்ப்யூட்டரைத் திருப்பி, அங்கேயே அந்த வரியைத் தேடி, ஐந்து வீட்டையும் எண்ணச் சொல்லி எழுதினேன். எங்கே மாற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். மேடம் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மறுபடி விளையாடினாள். சும்மா இருந்து பார்த்தாள்; தோல்வி என்றது. சுவரில் மெதுவாக முட்டிப் பார்த்தாள், நின்றது. தலையை ஆட்டினாள். "கொள்ளாம். உடையல்ல" என்று எழுந்திருக்கப் போனாள்.

அங்கேயே விட்டிருந்தால் கதை சுபம். நான்தான் விடவில்லை.

"அக்கா, வலது கோடிக்குப் போய்ட்டு ஃபுல் ஸ்பீடில இடது பக்கம் வாங்க."

மாமி பாய்ந்து வந்தாள். சுவர் ஒன்றும் செய்யவில்லை. பழைய வெள்ளை, மழையில்லாத பழைய உலகம். அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "இதை என்னால சரிபண்ண முடியல மேடம்" என்றேன்.

ஹாலின் அந்தக் கோடியிலிருந்து டம்ளர் சத்தம் கேட்டது. "வாய் திறந்நு!" என்று கத்தினார் கிளார்க் சார். சட்டம் சட்டம்தானே.

வெளியே ஒரு பழம்பொரிக் கடையில் எல்லாரும் நின்றோம். மேடம் இரண்டு தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டே, "அந்தச் சுவரை நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். திங்கட்கிழமை வந்துடு" என்று மலையாளத்தில் சொன்னார். அப்பா கையில் பழம்பொரியோடு, "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக இந்த ஊரில் மலையாளம் பேசுகிறவருக்கு அன்று மட்டும் காது கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அக்காவும் நானும் மட்டும். "தொடாதீங்கன்னு சொன்னதுக்கு சாரிக்கா" என்றேன்.

"சாரமில்ல பிள்ள, பரவாயில்ல. நீ அது சொன்னப்பமே எங்கயோ உடைஞ்சிருக்குன்னு எனக்கு மனசிலாச்சு. உடையாத சாதனத்துக்கு ஆராவது போர்டு வைப்பாங்களா?"

"அப்போ ஏன் தொடல? எல்லாப் போர்டையும் தாண்டிப் போவீங்களே."

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "போர்டு சொன்னா தாண்டலாம். இது நீயாக்கும் சொன்னது" என்றாள். பிறகு இறங்குகிற வழி என்று எழுதியிருந்த கதவு வழியாக ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே உள்ளே போனாள்.